விடிய நாலு மணிக்கு எழுப்புகிற பெற்றோருக்கு

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள களுவாஞ்சிகுடியில் பல வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிள்ளை தரம் 10க்கு வந்ததும் வீட்டில் அலாரம் நாலு மணிக்கு மாறிவிடுகிறது. என் மூத்த மகனுக்கு நான் செய்ததையே ஒவ்வொரு வருடமும் புதிய பெற்றோர் செய்கிறார்கள். இரவில் போனைக் கொடுக்காதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விடுகிறேன்.

விடியற்புற நித்திரையை வெட்டுவது

மகனின் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வருடம் விடிய 5 மணிக்கு ரியூசன். 4.15க்கு "எழும்பு மனே" என்று உலுப்புவேன். இரவு ஒன்பதரைக்கே படுக்க அனுப்பியும் பதினொன்றரை வரை முழித்துக்கொண்டு கிடப்பான். "நித்திரை வருகுதில்லம்மா" என்பான். பொய் என்று ஏசினேன்.

பொய்யில்லை. பருவ வயதில், நித்திரையை வரவழைக்கும் மெலடோனின் சுரக்கும் நேரமே பின்தள்ளிப் போகிறது, சிலருக்கு இரண்டு மணித்தியாலம் வரை. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும். அவனுக்குக் கிடைத்தது ஐந்துகூட இல்லை. அதிலும், கனவு காணும் நித்திரை பெரும்பாலும் இரவின் கடைசிப் பங்கில்தான் வரும். படித்ததைப் பதிப்பதிலும் மனத்தை ஆற்றுவதிலும் அதற்குப் பங்குண்டு. நான் வெட்டியது சரியாக அந்தப் பங்கைத்தான்.

ஒருநாள் வகுப்புக்குப் போகும் வழியில் கண் சொருகி, சைக்கிளோடு மதகில் மோதினான். முன்பல் உடைந்தது. அவன் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விடியற்காலம் ஞாபகம் வரும்.

"நாங்களும் நாலு மணிக்கு எழும்பிப் படித்தவர்கள்தானே?" என்று கேட்பவர்கள் மீது இன்னமும் கோபம் வருகிறது. நாம் குப்பி விளக்கை அணைத்துவிட்டு எட்டரைக்குப் படுத்தோம். இன்றைய பிள்ளை மாலை ரியூசன் முடிந்து வீட்டுக்கு வரவே எட்டாகிறது. பிறகு பதினொரு மணி வரை வெளிச்சத்தில் இருக்கிறது. அந்தக் கால எழும்பலை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் காலப் படுக்கையை விட்டுவிட்டோம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளை 7.50இலிருந்து 8.45க்குத் தள்ளியது. பிள்ளைகள் நாளுக்கு 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். கலிபோர்னியாவில் 2022இலிருந்து 8.30க்கு முன் உயர்நிலைப் பள்ளி தொடங்கக்கூடாது என்பது சட்டம். நம் 7.30 மணியை நீங்களும் நானும் மாற்ற முடியாது. ஆனால் 5 மணி வகுப்பை அரசாங்கம் வைக்கவில்லை, நாம்தான் வைத்தோம்.

இரவுப் பிளேன்ரீ (பால் இல்லாத தேநீர்)

வேண்டாம். ஐந்து மணித்தியாலம் கழிந்தும், தேயிலையில் உள்ள, நித்திரையைக் கலைக்கும் கஃபீனில் பாதியளவு உடம்பில் நிற்கும்.

ஞாயிறு பதினொரு மணி வரை படுக்கவிடுவது

ஒரு மணித்தியாலம் கூடுதலாகத் தூங்கட்டும். அதற்கு மேல் போனால் ஞாயிறு இரவு நித்திரை வராது, திங்கள் காலை சண்டை வரும்.

முகத்தில் தண்ணீர் தெளிப்பது

அதற்குப் பதில் ஜன்னலைத் திறவுங்கள். ஆறு மணியளவில் கடல் பக்கமிருந்து வெயில் வந்துவிடும். காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும், இரவு நித்திரையும் நேரத்துக்கு வரும்.

பகல் நித்திரை

அரை மணித்தியாலம், நாலு மணிக்கு முன்.

நானும் விடியற்கால வகுப்பு வைத்தவள்தான். அதைப் பின்னேரம் மூன்றரைக்கு மாற்றிய மாதம் ஒன்பது பிள்ளைகள் விலகினார்கள். நாலு பேர் திரும்பி வந்தார்கள். இப்போது தரம் 11இல் இருக்கும் என் மகள் ஆறு மணிக்குத்தான் எழும்புகிறாள். உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடமும் பின்னேர வகுப்புக் கேளுங்கள். தனியாகப் போகாமல், நாலைந்து பெற்றோர் சேர்ந்து போங்கள்.