ஆத்தாவுக்கு ஒரு ஐந்தொகை: ஊர்ல தனியா இருக்கிற பெத்தவங்களுக்குப் பணமும் வீடும் ஏற்பாடு பண்றது எப்படி

அப்பச்சி, அதான் எங்க அப்பா, போனதுக்கப்புறம் ஆத்தா, எங்க அம்மா, காரைக்குடி பக்கம் ஊர்ல தனியா, நாங்க சென்னையில. நம்ம பக்கம் நெறைய வீட்டுல இதான் நெலமை. எல்லாரும் முதல்ல பாஸ்புக்கைத் தேடுவாங்க, நீங்க அதைத் தொடாதீங்க.

முதல் வேலை, ராத்திரி ஆத்தா பாத்ரூம் போறப்ப கூடவே நடந்து பாருங்க. எங்க வீட்டுல அறையிலேருந்து பின்கட்டு வரைக்கும் 64 எட்டு நடக்கணும், நடுவுல மூணு நெலைப்படி, வளவுல, அதாவது நடு முற்றத்துல, சாரல் அடிச்சா தரையில பதிச்ச ஆத்தங்குடி கல்லு வழுக்கும். ஒவ்வொரு நெலையிலயும் ஆத்தா எடது கையால சட்டத்தைப் பிடிச்சு நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் காலைத் தூக்குறாங்க, கை வைக்கிற எடத்துல தேக்கு பளபளன்னு தேஞ்சு கெடக்கு, இத்தனை வருஷமா நான் பாக்கவே இல்லை, ரொம்பக் கஷ்டமாப் போச்சு. முகப்பை ஒட்டி ஒரு அறை, அதுலயே வெஸ்டர்ன் டாய்லெட், கைப்பிடி, சொரசொரப்பு டைல்ஸ், இவ்வளவுக்கும் கொத்தனார்கிட்ட எஸ்டிமேட் வாங்குங்க. பங்காளி வீடுன்னா எல்லார்கிட்டயும் முதல்லயே கேட்டு கையெழுத்து வாங்கிருங்க.

அடுத்தது ஐந்தொகை, அதாவது வரவு, செலவு, சொத்து எல்லாத்தையும் சேத்துப் போடுற கணக்கு. ஐயா காலத்துல கடைக்குப் போட்டாங்கல்ல, அதையே ஆத்தாவுக்குப் போடுங்க. வரவுல பென்ஷன், வட்டி, வாடகை. பத்துல (பற்று, அதாவது செலவு) மளிகை, மாத்திரை, துணைக்கு இருக்கிற அம்மா சம்பளம், கரண்ட் பில், குடும்பக் கணக்குல கோயிலுக்குக் கட்டுற புள்ளி வரி, பேரன் பேத்திக்குக் குடுக்கிறது. கடைசி ரெண்டையும் வெட்டாதீங்க, அது அவங்க மரியாதை. வீட்டை மட்டும் சொத்துன்னு கூட்டாதீங்க, எங்க வீடு மாதிரி இருந்தா ஏழு பங்குக்காரங்க சேராம அதுல ஒத்த ரூபா வராது.

வரவை விட பத்து அதிகமா இருந்தா போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டம் பாருங்க. 60 வயசுக்கு மேல, 30 லட்சம் வரைக்கும், 5 வருஷம். நாங்க போட்டப்ப 8.2 சதவீதம், அதாவது 10 லட்சத்துக்கு மூணு மாசத்துக்கு ஒருதரம் 20,500 ரூபா. இருக்கிறதை மொத்தமா அதுல போட்றாதீங்க, நடுவுல எடுத்தா கழிச்சுக்குவாங்க, ஆறு மாசச் செலவு பேங்க் சேவிங்ஸ்லயே இருக்கட்டும். அந்த சேவிங்ஸ் அக்கவுண்ட்டை ரெண்டு பேர்ல யார் வேணா எடுக்கிற மாதிரி ஜாயின்ட்டா மாத்திருங்க.

அப்புறம் பேப்பர். உயிலுக்கு ரெண்டு சாட்சி கையெழுத்து கட்டாயம். ஆத்தா யாருக்காவது சொத்தை செட்டில்மென்ட்டா எழுதிக் குடுத்தா கடைசிவரை பாத்துக்கணும்ங்கிற வரியைப் பத்திரத்துலயே எழுதச் சொல்லுங்க, பாக்காம விட்டா 2007-ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர்கிட்ட போய் ரத்து கேக்க அந்த வரிதான் கைகொடுக்கும். எங்க வீட்டு நல்ல புள்ளைங்கதானேன்னு இதை விட்றாதீங்க.

கடைசியா எங்க இருக்கிறதுன்னு அவங்களையே கேளுங்க. கோயம்புத்தூர் பக்கம் இருக்கிற முதியோர் குடியிருப்புன்னா டெபாசிட்ல எவ்வளவு திரும்பும்னு எழுத்துல வாங்குங்க. உங்ககூடன்னா ஊர் வீட்டைப் பூட்டாம ஒரு மாசம் வச்சுப் பாருங்க. எங்க ஆத்தா பதினெட்டாம் நாளே பையைக் கட்டி வாசல்ல வச்சுட்டாங்க, மறுவாரமே ஊர் வீட்டுல அந்த அறைக்குக் கொத்தனாருக்கு அட்வான்ஸ் குடுத்தோம்.