காலணி அப்பர் தைத்துக் கொடுத்ததற்குப் பணம் வராவிட்டால்: சிறு யூனிட்டுகளுக்கான வழிகாட்டி

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் பெரிய காலணி ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் முறையில், அதாவது கூலிக்கு, அப்பர் (காலணியின் மேல்பகுதி) தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட்டுகள் ஏராளம். வெளிநாட்டு ஆர்டர் குறையும்போதெல்லாம், 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியதைப் போன்ற நேரங்களில், பெரிய நிறுவனம் முதலில் தள்ளிப்போடுவது இந்த யூனிட்டுகளின் பில்லைத்தான். தைத்த பெண்களுக்கோ கூலியைத் தள்ளிப்போட முடியாது. ஆகவே யூனிட்காரர் நகையை அடகு வைக்கிறார், அதுவும் தீர்ந்தால் கந்துவட்டிக்குப் போகிறார். அந்த நிலைக்குப் போகுமுன் செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள், எப்படியிருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேற்படாமல், வாங்கியவர் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லாவிட்டால் கெடு 15 நாள்தான். "எங்கள் கம்பெனியில் 120 நாள்தான் வழக்கம்" என்று பர்ச்சேஸ் துறையில் சொல்வது சட்டத்தின் முன் செல்லாது. இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே உண்டு. நடுத்தர நிறுவனங்களுக்குக் கிடையாது. பொருளை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும், உத்யம் பதிவு (இத்தகைய தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தாலும், இது கிடைக்காது. ஜாப் ஒர்க் என்பது சேவை என்பதால் தையல் யூனிட் இதற்குள் வருகிறது.

முதல் வேலை உத்யம் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் இலவசமாகவே பதிந்துகொள்ளலாம். பிரவுசிங் சென்டரில் கேட்கும் தொகை அவர்களுடைய வேலைக்கூலியே தவிர அரசுக் கட்டணம் அல்ல. பணம் நின்ற பிறகு பதிந்துகொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். பதிவுக்கு முன்பு அனுப்பிய சரக்குக்குப் பின்தேதியிட்டுப் பலன் கேட்க முடியாது என்று 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட்டுவிடுங்கள். நீங்கள் குறு நிறுவனம் என்பது எங்களுக்குத் தெரியாது என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது வேலை டெலிவரி சலான், அதாவது சரக்கோடு அனுப்பும் விவரச் சீட்டு. பெரும்பாலான வழக்குகள் வலுவிழப்பது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. சரக்கு கேட்டுக்குள் போகும்போது செக்யூரிட்டி குத்தும் இன்வர்டு முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வண்டியில் போகும் பையன் பார்த்து வாங்க வேண்டும். மை மங்கிய முத்திரையும், தேதி எழுதாத கையெழுத்தும் ஒன்றுக்கும் உதவா. சலானில் ஸ்டைல் எண், அளவுவாரியாக ஜோடிக் கணக்கு, ஜோடிக்கு என்ன கூலி என்பன இருக்கட்டும். முத்திரை விழுந்ததுமே கேட் வாசலிலேயே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும். இந்தத் தேதிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், வந்த நாளிலேயே அதை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதுகிறது. மூன்று மாதம் கழித்து, "பாய், அந்த லாட்டில் தையல் சரியில்லை, ரிஜெக்ஷன் போட்டிருக்கோம்" என்று வாயால் சொல்லி, பில் தொகையில் கழிக்கும் டெபிட் நோட்டு நீட்டும் பழக்கத்துக்கு இதுவே பதில். டெபிட் நோட்டு வந்தால் பேசாமல் வாங்கி வைக்காமல், ஏற்கவில்லை என்று அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

கெடு தாண்டினால் வட்டி ஓடத் தொடங்கும். ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் அசலோடு சேரும் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 16.5 சதவீதம், 4 லட்ச ரூபாய் ஓராண்டு நின்றால் வட்டி மட்டும் சுமார் 71,200 ரூபாய். இந்தக் கணக்கைப் பில்வாரியாகப் போட்டு, பதிவுத் தபாலில் ஒரு கடிதமும் மின்னஞ்சலில் அதன் நகலும் அனுப்புங்கள். அதைப் பர்ச்சேஸ் மேனேஜருக்கு மட்டும் அனுப்புவது வீண். கணக்குப் பிரிவுக்கும் போக வேண்டும். காரணம், 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டிய பாக்கியை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். மேனேஜர் கண்டுகொள்ளாத கடிதத்தை ஆடிட்டர் கண்டுகொள்வார். பிப்ரவரியில் அனுப்பினால் மார்ச் 31க்கு முன் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். மார்ச் முடிவில் லெட்ஜர் பாக்கியை உறுதிசெய்து கையெழுத்திட்ட கடிதம் ஒன்றையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

கடிதத்துக்கும் அசையாவிட்டால், இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்க அதே சட்டத்தின்படி அமைந்த வசதியாக்க மன்றத்தில் மனு போட வேண்டும். 2017 முதல் இதற்குச் சமாதான் இணையதளம் இருந்துவருகிறது. 2025 ஜூனில் இணையவழித் தகராறு தீர்வுத் தளம் ஒன்றும் தொடங்கப்பட்டது. உங்கள் மனுவை எதில் ஏற்றுவது என்பதை வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவற்றில் உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். வாங்கியவர் கான்பூரில் இருந்தாலும் ஆக்ராவில் இருந்தாலும், விற்றவர் இருக்கும் இடத்து மன்றத்துக்கே அதிகாரம் உண்டு என்பது பெரிய வசதி. மன்றம் முதலில் சமரசம் பேசும். அது முறிந்தால் நடுவர் விசாரணை நடக்கும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்தக் கெடு காப்பாற்றப்படுவது அரிது, எதிர்த்தரப்பு வாய்தாவுக்கு வராமலே நாளைக் கடத்தும். சிறு யூனிட்டுக்காகவே வந்த மன்றம் சிறு யூனிட் தாங்கக்கூடிய வேகத்தில் நடக்காதது வெட்கக்கேடு. ஆனாலும் பாக்கி மூன்று ஆண்டைத் தாண்டுமுன் மனு போட்டுவிடுங்கள். காலாவதி என்ற வாதத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

மனு போட்டால் அந்தப் பார்ட்டியின் ஆர்டர் பெரும்பாலும் நின்றுவிடும். இதை மறைத்து அறிவுரை சொல்வது நேர்மையாகாது. உங்கள் வேலையில் பாதிக்கு மேல் அவர்களிடமிருந்தே வருகிறது என்றால், முதலில் வேறொரு பார்ட்டியைப் பிடித்துவிட்டு மனு போடுவதே புத்திசாலித்தனம். ஏற்கெனவே ஆர்டர் நின்றுவிட்டது என்றால் காத்திருப்பதில் பொருளில்லை.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால், அதை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக, தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். பலர் இந்தக் கட்டத்தில்தான் பேச்சுவார்த்தைக்கு வருகிறார்கள். அசலை விட்டுக்கொடுக்காமல் வட்டியில் இறங்கிப் பேசலாம். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராவிட்டால் நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு தாக்கல் செய்ய வேண்டும். அப்போது நிறுவனத்தின் கட்டடம், இயந்திரம், வங்கிக் கணக்கு பற்றிய விவரம் தேவைப்படும் என்பதால், அவர்கள் முன்பு கொடுத்த காசோலைகளின் நகலைத் தூக்கி எறியாதீர்கள். இடையில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால் வழக்குகள் அப்படியே நிற்கும். பொது அறிவிப்பில் குறித்த நாளுக்குள், அந்த நடவடிக்கையை நடத்தும் தீர்வு அலுவலரிடம் படிவம் 'பி'யில் உங்கள் பாக்கியைப் பதிய வேண்டும்.