பழைய போர்விமானங்களைப் படமெடுத்து நினைவுநாள் வீடியோ செய்வது எப்படி

நவம்பர் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பிரிட்டனில் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நினைவு ஞாயிறு. அந்த வாரம் இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் போர்விமானம், லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஆகியவற்றை வைத்து ஒரு வீடியோ போடலாம் என்று நினைப்பவர்கள் பலரும் படமெடுக்க நவம்பர் வரை காத்திருக்கிறார்கள். அதற்குள் காரியம் கெட்டுவிடும். ராயல் விமானப்படையின் பேட்டில் ஆஃப் பிரிட்டன் மெமோரியல் ஃப்ளைட் என்ற பழைய விமானப் பிரிவு, லிங்கன்ஷயரில் உள்ள கானிங்ஸ்பி தளத்திலிருந்து பறப்பது முக்கியமாகக் கோடைக் காலத்தில்தான். குளிர்காலத்தில் அந்த விமானங்கள் ஹேங்கருக்குள் பராமரிப்புக்காகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஆகவே மே முதல் செப்டம்பருக்குள் படமெடுங்கள், அக்டோபரில் பெயர்களையும் தேதிகளையும் சரிபாருங்கள், நவம்பரில் வெளியிடுங்கள்.

பழைய விமானங்களைப் பார்க்கக்கூடிய இங்கிலாந்து விமானத்தளங்களில் டக்ஸ்ஃபோர்டு, ஓல்டு வார்டன், ஈஸ்ட் கிர்க்பி மூன்றும் மூன்று விதம். டக்ஸ்ஃபோர்டில் ஸ்பிட்ஃபயர்கள் கூட்டமாகப் பறக்கும். ஓல்டு வார்டனில் முதல் உலகப் போர்க்கால விமானங்கள் உண்டு. அவை எடை குறைந்தவை என்பதால் காற்று அடங்கினால்தான் வெளியே வரும், பெரும்பாலும் மாலையில். ஈஸ்ட் கிர்க்பியில் இருக்கும் லங்காஸ்டர் என்எக்ஸ்611 பறப்பதில்லை, தரையில் ஓடும். ஒலிப்பதிவுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

எங்கே போனாலும் மாற்றுத் தேதி ஒன்று கையில் இருக்கட்டும். இவை வால்சக்கர விமானங்கள். ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரங்கள் இரண்டும் மிக நெருக்கமாக இருப்பதால், பக்கவாட்டில் காற்று பலமாக வீசினால் ஓடுபாதையில் கட்டுப்படுத்துவது கடினம். வானம் நீலமாக இருந்தும் ஏன் ரத்து செய்தார்கள் என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் பதில்.

ப்ரொப்பல்லர் சுழல்வது தெரிய வேண்டும்

1/1000 நொடியில் எடுத்த ஸ்பிட்ஃபயர் படத்தில் ப்ரொப்பல்லர் அசையாமல் நிற்கும். வானத்தில் ஆணியடித்து மாட்டிய பொம்மை போல இருக்கும். இதைச் சரிசெய்யக் கொஞ்சம் கணக்குப் போதும். ஸ்பிட்ஃபயரில் இருக்கும் மெர்லின் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது, வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரம் வழியாக ப்ரொப்பல்லர் நிமிடத்துக்குச் சுமார் 950 சுற்று சுழல்கிறது. அதாவது நொடிக்குப் பதினாறு சுற்று. 1/1000 நொடியில் இதழ் நகர்வது 6 டிகிரிக்கும் குறைவு. 1/250-இல் 23 டிகிரி, 1/125-இல் 46 டிகிரி. நான்கு இதழ் ப்ரொப்பல்லரில் இதழுக்கு இதழ் இடைவெளி 90 டிகிரி என்பதால், 1/125-இல் பாதி வட்டம் மங்கலாக நிரம்பிவிடும். அதுதான் நமக்கு வேண்டியது.

ஆனால் எடுத்த எடுப்பில் 1/125-க்குப் போகாதீர்கள், பாதிக்கு மேல் குலுங்கிப் போகும். முதல் சுற்றில் 1/320 வைத்து நாலு நல்ல படங்களைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து 1/200. கை பழகியபின் 1/125. மேலே கிளம்பும்போது எஞ்சின் வேகம் அதிகம், அங்கே 1/250 போதும். தரையிறங்கும்போது ப்ரொப்பல்லர் மெதுவாகச் சுற்றும், 1/100-க்கு இறங்கினால்தான் சுழற்சி தெரியும். ஜெட் விமானத்துக்கு இந்தக் கவலையே இல்லை, 1/1000-க்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/160 என்று வைத்தால் அப்பர்ச்சர் எஃப்13 வரை மூடிக்கொள்ளும். அப்போது சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசி ஒவ்வொன்றும் வானத்தில் கரும்புள்ளியாக விழும். ஒளியை நான்கில் ஒரு பங்காகக் குறைக்கும் இரண்டு ஸ்டாப் என்டி ஃபில்டர் மாட்டினால் எஃப்6.3-க்குத் திரும்பலாம். மேகமூட்ட நாளில் சிக்கல் வேறு: வெளுத்த வானத்தைப் பார்த்துக் கேமரா ஏமாந்து, விமானத்தின் அடிப்பகுதியைக் கறுப்பாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள்.

எந்த லென்ஸ் என்பதற்கும் கணக்கு உண்டு. விமானம் 300 மீட்டரில் பறக்கிறது, ஃபுல் ஃப்ரேம் (36 மிமீ அகலச் சென்சார்) கேமரா, 400 மிமீ லென்ஸ் என்றால், சட்டகத்தின் அகலத்தில் அடங்குவது 27 மீட்டர். ஸ்பிட்ஃபயரின் நீளம் சுமார் 9 மீட்டர், அதாவது சட்டகத்தில் மூன்றில் ஒரு பங்கு. லங்காஸ்டர் 21 மீட்டர், முக்கால்வாசிக்கு மேல் நிரம்பும். ஒற்றை ஸ்பிட்ஃபயருக்கு 600 மிமீ கேட்கும். லங்காஸ்டரை நடுவில் வைத்து இரு பக்கமும் போர்விமானங்கள் வரும் அணிவகுப்புக்கு 200 மிமீகூடத் தாராளம். பெரிய லென்ஸை மட்டும் கொண்டுபோய்விட்டு, அணிவகுப்பில் ஓர் இறக்கையை வெட்டிவிட்டு வருவது அடிக்கடி நடக்கிறது.

நிற்கும் விதமும் முக்கியம். விமானம் உங்களுக்கு மிக அருகில் கடக்கப்போகும் திசையைப் பார்த்துப் பாதங்களை ஊன்றுங்கள். இடுப்பை மட்டும் திருப்பி அது வரும் பக்கம் காத்திருங்கள். முறுக்கு அவிழ அவிழ உடல் தானாகச் சீராகத் திரும்பும். பொத்தானை விட்டபின்னும் அரை நொடி தொடர்ந்து திரும்புங்கள். படம் எடுத்தவுடன் நிறுத்துகிறவர்களுக்குக் கடைசிப் படங்கள் குலுங்கியிருக்கும்.

வீடியோவுக்கு நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50. வெயிலில் எஃப்8-இல் எடுக்க என்டி8 போதும். போனில் அப்பர்ச்சரை மூட வழியில்லை, என்டி64 அல்லது 128 தேவைப்படும். ஃபில்டர் இல்லாமல் போனில் எடுத்தால் ப்ரொப்பல்லர் இதழ்கள் வாழைப்பழமாக வளைந்து தெரியும். சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் வருகிற கோளாறு அது. எடுத்த பிறகு அதைத் திருத்த முடியாது.

ஒலிதான் பாதி வீடியோ

படத்துக்கு இவ்வளவு மெனக்கெடுபவர்கள் ஒலியைக் கேமராவின் மைக்கிடமே விட்டுவிடுவார்கள். தானியங்கி ஒலி அளவை முதலில் அணையுங்கள். அது இருந்தால், விமானம் நெருங்க நெருங்க எஞ்சின் ஒலியை அமுக்கி, போனபிறகு பக்கத்தில் இருப்பவர் சிப்ஸ் கொறிப்பதை உயர்த்தும். உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி முதல் சுற்றிலேயே கையால் அமையுங்கள். மைக்குக்கு ரோம உறை அவசியம். வர்ணனை ஒலிபெருக்கியிலிருந்து எவ்வளவு விலகி நிற்க முடியுமோ அவ்வளவு நல்லது. அதில் ஓடும் பாட்டு பதிவானால் காப்புரிமைச் சிக்கலும் சேர்ந்து வரும்.

காற்றின் உறுமலைக் குறைக்கப் பலரும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிறார்கள். மெர்லின் விஷயத்தில் அது தவறு. பன்னிரண்டு சிலிண்டர்களின் வெடிப்பு 2000 சுற்றில் நொடிக்கு 200 முறை, அது தப்பிக்கும். ஆனால் நான்கு இதழ்கள் காற்றை அடிக்கும் அதிர்வு 64 ஹெர்ட்ஸ் அருகே இருக்கிறது. நெஞ்சில் தட்டுவது அதுதான். 40 ஹெர்ட்ஸில் வெட்டுங்கள்.

எடிட்டிங்கில் இன்னொரு பொறி உண்டு. 300 மீட்டர் தூரத்திலிருந்து ஒலி வந்துசேர ஏறத்தாழ 0.9 நொடி ஆகும். படத்துக்கும் ஒலிக்கும் பொருந்தவில்லையே என்று ஒலியை முன்னால் நகர்த்தாதீர்கள். பார்ப்பவரின் காது அந்தத் தாமதத்தை வைத்துத்தான் தூரத்தை உணர்கிறது. நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் வரும்போது 200 ஹெர்ட்ஸ் ஒலி 280 ஆகக் கேட்டு, கடந்ததும் 155-க்கு இறங்கும். அந்த இறக்கத்துக்கு நடுவே ஒட்டுப் போட்டால் யாருக்கும் தெரிந்துவிடும்.

எது எது என்று தெரிந்துகொள்ள

ஸ்பிட்ஃபயரை அதே காலத்துப் போர்விமானமான ஹரிக்கேன் என்று எழுதினால் மீதி எதையும் யாரும் நம்பமாட்டார்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீள்வட்டம், மெல்லியது. ஹரிக்கேனின் இறக்கை தடிமன், விமானி அறைக்குப் பின்னால் முதுகு கூன் விழுந்தாற்போல் இருக்கும். குளிர்விப்பான் ஹரிக்கேனுக்கு வயிற்றின் நடுவில், ஸ்பிட்ஃபயருக்கு இறக்கைகளின் அடியில். ஸ்பிட்ஃபயருக்குள்ளேயும் வகை உண்டு. மூன்று இதழ் ப்ரொப்பல்லரும், இறக்கைகளின் அடியில் ஒரு பக்கம் பெரிதும் மறுபக்கம் சிறிதுமான பெட்டியும் இருந்தால் மார்க் 2 அல்லது 5. நான்கு இதழ், இருபக்கமும் ஒரே அளவுப் பெட்டி என்றால் மார்க் 9 அல்லது 16. ஐந்து இதழ் என்றால் கிரிஃபன் எஞ்சின். அது மெர்லினுக்கு எதிர்த்திசையில் சுழலும், ஒலியிலும் கரகரப்பு அதிகம்.

அடுத்து எண். வால் அருகே சிறிதாக எழுதியிருக்கும் தொடர் எண் விமானத்தின் அடையாளம், உடலில் பெரிதாக இருக்கும் எழுத்துகள் ஸ்குவாட்ரனின் (விமானப்படை அணியின்) குறியீடு. பழைய விமானங்கள் பெரும்பாலும் வேறொரு விமானத்தின் நிறத்தையும் குறியீட்டையும் அணிந்து பறக்கின்றன, யாரோ ஒரு குழுவின் நினைவாக. லங்காஸ்டர் பிஏ474-க்கு 2017-இல் பூசிய நிறத்தில் இடப்புறம் ஆஸ்திரேலியாவின் 460-வது ஸ்குவாட்ரனின் ஏஆர்-எல், வலப்புறம் 50-வது ஸ்குவாட்ரனின் விஎன்-டி. ஒரே விமானம், பக்கத்துக்கு ஒரு குழு. பிஏ474 கட்டப்பட்டது 1945-இல், எந்தக் குண்டுவீச்சிலும் பங்கேற்கவில்லை. 'ஜெர்மனியைத் தாக்கிய விமானம் இதுதான்' என்று தலைப்பு வைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ஸ்பிட்ஃபயர் பி7350 கதை வேறு, அது 1940-இல் ஜெர்மானிய விமானப்படையோடு நடந்த பேட்டில் ஆஃப் பிரிட்டன் போரிலேயே பறந்தது.

தமிழர்கள் கவனிக்க ஒன்று: 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களும் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைத் தாங்கியவை. மாகாணத்தில் திரட்டிய போர் நிதிக்காகக் கிடைத்த பெயர். வீடியோவுக்கு ஒரு ஸ்குவாட்ரனைத் தேர்ந்தெடுக்கத் திணறினால் இங்கிருந்து தொடங்கலாம்.

ஒரு பெயரைக் கண்டுபிடிப்பது

பொதுவாக 'வீரர்கள் அனைவருக்கும்' என்று முடிப்பதைவிட ஒரே ஒருவரின் பெயர் கனமானது. லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக்காப்பகத்தில் ஸ்குவாட்ரன்களின் நடவடிக்கைப் பதிவேடுகள் ஏஐஆர் 27 என்ற வரிசையில் உள்ளன. அதில் படிவம் 540 அன்றாடச் சுருக்கம். படிவம் 541-இல் விமான எண், குழுவினர், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம் இருக்கும். திரும்பாதவர்களுக்கு நேரம் இருக்காது. பெயரைத் தட்டச்சு செய்தவர்கள் எழுத்துப் பிழை விட்டிருப்பார்கள். ஆகவே காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தரவுத்தளத்தில் ஒப்பிடுங்கள். பெயரைவிட சர்வீஸ் எண்ணை வைத்துத் தேடுவது பாதுகாப்பு. ஒரே பெயரில் பலர் உண்டு.

இரவுத் தாக்குதல்களில் தேதி குழப்பும். நூரம்பெர்க் தாக்குதலுக்கு 1944 மார்ச் 30 இரவு கிளம்பியவர்கள் பலரின் மரணத் தேதி 31 என்று இருக்கும். இரண்டும் சரிதான், 30/31 என்று எழுதுங்கள். கல்லறை இல்லாதவர் என்றால் பெயர் ரன்னிமீட் நினைவுச்சின்னத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். 20,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே. குண்டுவீச்சுப் படையினர் என்றால் லிங்கனில் உள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்புத் தரவுத்தளத்தையும் பாருங்கள்.

எடிட்டிங்: போட்டி மேடை ஆக்காதீர்கள்

எக்ஸ் ஃபேக்டர் என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி 2018 வரை இலையுதிர் காலத்தில் வந்தது, ஆகவே நினைவு ஞாயிறு அந்த சீசனுக்கு நடுவிலேயே விழும். 2008-இல் அதன் போட்டியாளர்கள் காயமடைந்த படைவீரர்களுக்கு உதவும் ஹெல்ப் ஃபார் ஹீரோஸ் அறக்கட்டளைக்காகப் பாடலே வெளியிட்டார்கள். நிதி திரண்டது, நல்ல காரியம். ஆனால் அந்த மேடையின் பழக்கங்கள் நினைவுநாள் வீடியோக்களுக்குள் புகுந்துவிட்டதுதான் தொல்லை. மெதுவாகத் தொடங்கும் பியானோ, ஸ்லோ மோஷன், கண்ணீர் விடும் முகத்துக்கு ஒரு வெட்டு, கடைசியில் சுருதி ஏறும் பாட்டு. மெர்லின் ஒலியின்மேல் இதைப் பூசினால் இரண்டும் கெடும்.

பின்னணி இசையே வேண்டாம். மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். விமானம் வரும் ஒலியைப் படத்துக்கு முன்பே தொடங்குங்கள், போன பிறகும் ஒலி அடங்கும்வரை விடுங்கள். பெயர், வயது, ஸ்குவாட்ரன், தேதி நான்கையும் வெற்றுப் பின்னணியில் ஐந்து நொடியாவது நிறுத்துங்கள். எழுத்து பறந்து வந்து விழும் எஃபெக்ட் எதுவும் வேண்டாம். நினைவுநாளின் அடையாளமான பாப்பிப் பூவை சேனல் லோகோவாக வைக்காதீர்கள், அது படைவீரர்களுக்கு உதவும் ராயல் பிரிட்டிஷ் லீஜியன் அறக்கட்டளையின் வணிகச் சின்னம்.

நினைவுச் சடங்கையும் படமெடுக்கிறீர்கள் என்றால், மௌனத்துக்கு முன் ஊதப்படும் கொம்பு தொடங்குவதற்குள் கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, ஃபோகஸ் பீப் ஒலியை அணைத்து, எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றி, திரையை மூடிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இரண்டு நிமிட மௌனத்தில் ஒரு க்ளிக் சத்தம்கூட ஊருக்கே கேட்கும்.

வெளியிட்ட பிறகு சிலசமயம் அந்த வீரரின் உறவினர்கள் எழுதுவார்கள், பெயரின் எழுத்துகளையோ குழுவினர் பட்டியலையோ திருத்தச் சொல்வார்கள். படிவம் 541-ஐ மீண்டும் திறந்து சரிபார்த்து, விவரக் குறிப்பை மாற்றி, மாற்றிய தேதியையும் அதன்கீழே போட்டுவிடுங்கள். வீடியோவுக்குள் இருக்கும் எழுத்தைத் திருத்த வேண்டிவரும் என்பதால் மூலக் கோப்புகளை அழிக்க வேண்டாம்.