ஆப் போய் மணி வந்த கதை

தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் எங்கள் சந்து. விடியற்காலை குழாயில் தண்ணீர் வந்ததும் எல்லார் போனிலும் செய்தி, டிரம்மில் எவ்வளவு இருக்கிறது என்று ஆப்பில் படம். கடைசி வருட புராஜெக்ட்டுக்கு நாங்கள் நாலு பேர் போட்ட திட்டம் இது.

முதல் வாரமே உதைத்தது. டிரம் மேலிருந்து ஒலி அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும், தண்ணீர் பட்டாலும் கெடாத அல்ட்ராசோனிக் சென்சார்தான் வாங்கியிருந்தோம். ஆனால் தண்ணீர் சுமார் 20 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டால் அதற்குக் கண் தெரியாது. டிரம் நிரம்ப நிரம்ப அளவு தாறுமாறாகக் குதித்தது. தகரச் சுவர்களில் முட்டி வைஃபை மூன்றாவது வீட்டோடு நின்றது. உரிமம் தேவைப்படாத 865–867 மெகாஹெர்ட்ஸில் லோரா, அதாவது வைஃபையைவிடத் தூரம் போகும் ரேடியோ, போடலாம் என்றான் நண்பன். காசு?

எதிர்வீட்டுப் பெரியம்மா திருநெல்வேலிக்காரர். "ஏல, போனையெல்லாம் யாரு பாக்கா? தண்ணி வந்தா மணி அடிக்கணும், டிரம்மு நெறைஞ்சா மணி அடிக்கணும். முடியுமா, முடியாதா?"

ஃப்ளோட் சுவிட்ச் இரண்டு வாங்கினோம். மிதவைக்குள் காந்தம், தண்டுக்குள் காந்தம் நெருங்கினால் மூடும் ரீட் சுவிட்ச், அவ்வளவுதான் சமாச்சாரம். ஒன்று குழாயடி வாளியில், ஒன்று டிரம் கழுத்தில். தண்ணீர் அலம்பும்போது மணி விக்கி விக்கி அடித்தது. சுவிட்ச் தொடர்ந்து 3 விநாடி மூடியிருந்தால் மட்டும் அடி என்று, மணியை இயக்கும் சின்ன சிப் போர்டான ஈஎஸ்பி32-இல் சில வரிகள் சேர்த்ததும் அடங்கியது.

ஆப் பாதியில் கிடக்கிறது. சத்தம் தாங்கவில்லை என்று பெரியப்பா முறைத்ததால், பஸ்ஸர் ஓட்டை மேல் செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன்.