ரேடார் டிடெக்டர்: வாங்கும்போதும் காரில் மாட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவல்துறையின் வேகம் அளக்கும் ரேடார் அலையைப் பிடித்து, ஓட்டுகிறவரை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவிதான் ரேடார் டிடெக்டர். ஓயாமல் கத்துகிற டிடெக்டரும் வாங்காத டிடெக்டரும் ஒன்றுதான். கடை வாசலில் தானாகத் திறக்கும் கதவுக்கு ஒரு பீப், பக்கத்தில் போகும் காரின் சென்சாருக்கு ஒரு பீப் என்று வழி நெடுக அடித்துக்கொண்டிருந்தால், ஓட்டுகிறவர் முதலில் சத்தத்தைக் குறைப்பார், பிறகு அணைத்தே விடுவார். புலி வருது கதைதான். நிஜமான ரேடார் எதிரில் இருக்கும் அன்று கருவி கத்தும், கேட்க ஆள் இருக்காது. வாங்குவதிலும் மாட்டுவதிலும் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் வந்து முடிகின்றன.

சட்டத்தைப் பார்க்காமல் வாங்குவது

கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள் என்பதற்காக அதைச் சாலையில் பயன்படுத்தலாம் என்று பொருளில்லை. அமெரிக்காவில் தனியார் கார்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் தடையில்லை. ஆனால் வர்ஜீனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் தடை உண்டு. 10,000 பவுண்டு எடைக்கு மேற்பட்ட வணிக வாகனங்களுக்கு அந்த நாடு முழுவதும் தடை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன் ஆகிய மூன்று மாகாணங்கள் அனுமதிக்கின்றன. ஒன்டாரியோவில் காரில் வைத்திருப்பதே குற்றம், கருவியையும் பறிமுதல் செய்வார்கள். பிரான்சும் சுவிட்சர்லாந்தும் தடை செய்திருக்கின்றன, ஜெர்மனியில் ஓட்டும்போது பயன்படுத்தக் கூடாது. பிரிட்டனில் 1998-இல் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு தடையில்லை.

எல்லை தாண்டிப் போகிறவர்கள் அணைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். வைத்திருப்பதே குற்றமாக உள்ள இடத்தில் அது எடுபடாது. கிளம்புவதற்கு முன் காரிலிருந்தே எடுத்துவிட வேண்டும். அனுமதி இருக்கும் இடங்களிலும், முன்கண்ணாடியில் எதையாவது ஒட்டித் தொங்கவிடுவதற்குத் தனி விதி இருக்கலாம். கலிபோர்னியாவும் மின்னசோட்டாவும் இதற்குத் தெரிந்த உதாரணங்கள்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு பொருள் ஜாமர். டிடெக்டர் வெறும் ரிசீவர், அலையை வாங்க மட்டும் செய்யும். ஜாமர் அலையை அனுப்பி ரேடாரைக் கெடுப்பது. ரேடார் ஜாமர் அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படியே குற்றம். விளம்பரத்தில் இரண்டையும் ஒன்றுபோலச் சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எல்லா கேமராவையும் பிடிக்கும் என்று நம்புவது

காவல்துறை ரேடார்கள் மூன்று அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. எக்ஸ் பேண்ட் 10.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது, பழையது, இப்போது அரிது. கே பேண்ட் 24.05 முதல் 24.25 வரை. கேஏ பேண்ட் 33.4 முதல் 36 வரை. டிடெக்டர் கேட்பது இந்த அலைகளைத்தான். அலையே அனுப்பாத கருவியை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டிடெக்டரும் கண்டுபிடிக்காது. இரண்டு இடங்களில் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து இடைப்பட்ட நேரத்தை வைத்துச் சராசரி வேகம் கணக்கிடும் கேமரா, சாலைக்குள் புதைத்த கம்பிச் சுருள், ஸ்டாப்வாட்ச் வைத்து அளப்பது, இவையெல்லாம் அந்தப் பட்டியலில் வரும். நிரந்தரக் கேமராக்களுக்கு, அவை இருக்கும் இடங்களின் ஜிபிஎஸ் பட்டியல் உள்ள மாடல்தான் உதவும், அதுவும் பட்டியலைப் புதுப்பித்து வைத்திருந்தால்.

வேகம் அளக்கும் லேசர் கன் கதை வேறு. அது 904 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. 300 மீட்டர் தூரத்தில்கூடக் கற்றை சுமார் ஒரு மீட்டர் அகலம்தான் இருக்கும். அதை நம்பர் பிளேட்டையோ ஹெட்லைட்டையோ பார்த்துக் குறிவைப்பார்கள். டிடெக்டர் லேசர் என்று கத்தும் நேரத்தில் பெரும்பாலும் உங்கள் வேகம் ஏற்கனவே பதிவாகியிருக்கும். '360 டிகிரி லேசர் பாதுகாப்பு' என்ற வரிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். சில ரேடார்களும் இப்படித்தான்: கார் நெருங்கிய பிறகு ஒரு நொடி மட்டும் பொத்தானை அழுத்தி அலையை அனுப்புவார்கள். முன்னால் போகும் காரை அளக்கும்போது சிதறி வரும் அலையைப் பிடித்தால்தான் உங்களுக்கு எச்சரிக்கை. காலியான சாலையில் முதல் ஆளாகப் போகிறவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

பேண்டு எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவது

'16 பேண்ட்' என்று பெட்டியில் அச்சடித்த மலிவுக் கருவிகள் இணையம் முழுக்கக் கிடைக்கின்றன. புழக்கத்தில் இருப்பது மேலே சொன்ன மூன்றும் லேசரும்தான். மீதி எண்ணிக்கை எதற்கென்று கேட்டால் பதில் வராது. இந்த வகையில் கேஏ பேண்ட் உணர்திறன் மோசமாக இருக்கும். இன்னொரு கேடும் உண்டு: ரிசீவருக்குள் அதன் சொந்த வேலைக்காக மெல்லிய அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் என்ற சுற்றின் அலை வெளியே கசிந்து, பக்கத்துக் காரின் டிடெக்டரைப் பொய்யாகக் கத்த வைக்கும். டிடெக்டர் தடை உள்ள இடங்களில் போலீஸ் வைத்திருக்கும் 'டிடெக்டரைக் கண்டுபிடிக்கும் கருவி' தேடுவதும் இந்தக் கசிவைத்தான்.

வாங்கும்போது உண்மையில் பார்க்க வேண்டியவை இவை. அலைவெண்ணை எண்ணில் காட்டும் திரை. ஜிபிஎஸ் இருந்து, ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வரும் பொய் சிக்னலை நினைவில் வைத்து ஒதுக்கும் வசதி. மற்ற கார்களின் பிளைண்ட் ஸ்பாட் சென்சாரை (ஓட்டுகிறவர் கண்ணில் படாமல் பக்கவாட்டில் வரும் வண்டியைக் காட்டுவது) வடிகட்டும் மென்பொருள், அதைப் புதுப்பிக்கும் வழி. கடைசியாகச் சொன்னது இன்று முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஏராளமான கார்களின் பக்கவாட்டு சென்சார்கள் 24 கிகாஹெர்ட்ஸில், அதாவது கே பேண்டுக்குள்ளேயே இயங்குகின்றன. புதிய கார்கள் 77 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி வருகின்றன, அது டிடெக்டருக்குக் கேட்காது. ஆனால் பழைய சென்சாரோடு ஓடும் கார்கள் சாலையை விட்டுப் போக இன்னும் பல வருடமாகும். வடிகட்டி இல்லாத பழைய மாடலை, எவ்வளவு பேர் பெற்ற நிறுவனத்துடையதாக இருந்தாலும், செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள்.

வேறு நாட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கருவியும் சிக்கல்தான். எந்த அலைவரிசை, எந்தக் கேமராப் பட்டியல் என்பது விற்கும் நாட்டைப் பொறுத்து மாறும். மல்டாரேடார் போன்ற மெல்லிய சிக்னல் கேமராக்களைப் பிடிக்கும் வசதி சில மாடல்களில் இல்லை. சிலவற்றில் இருந்தும் அமைப்பில் அணைத்தே வரும்.

கீழே, சாய்வாக, மறைவாக மாட்டுவது

டிடெக்டருக்குள் இருப்பது ஒரு கொம்பு வடிவ ஆண்டெனா. அது நேர் எதிரே பார்த்தால் நன்றாகக் கேட்கும். டேஷ்போர்டில் படுக்கவைத்தால் முன்னால் போகும் காரின் பின்பக்கமும் உங்கள் பானட்டும் வழியை மறைக்கும். சரியான இடம் உள் ரியர்வியூ மிரரை ஒட்டி, உயரத்தில், முன்னும் பின்னும் கண்ணாடி வழியே தடையில்லாமல் தெரிகிற மாதிரி. தாழ்வாக வைத்தால் லேசருக்குக் கொஞ்சம் நல்லது என்பது உண்மை. ஆனால் லேசர் எச்சரிக்கை எப்படியும் தாமதம் என்பதால், ரேடாருக்கு ஏற்ற உயரத்தை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

கருவி சாலைக்கு இணையாக, மட்டமாக இருக்க வேண்டும். பலர் பானட்டின் சரிவைப் பார்த்து மட்டம் வைக்கிறார்கள். காரைச் சமதளத்தில் நிறுத்தி, போனில் உள்ள லெவல் ஆப்பை கருவியின் மேல் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை.

கண்ணாடியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வெப்பத்தைத் தடுக்க உலோக ஆக்சைடு பூச்சு கொடுத்த முன்கண்ணாடிகளும், உலோகம் கலந்த கூலிங் ஃபிலிமும் ரேடார் அலையையும் ஜிபிஎஸ் சிக்னலையும் பெருமளவு தடுத்துவிடும். இப்படிப்பட்ட கண்ணாடியில் சுங்கச்சாவடி ஸ்டிக்கர் ஒட்டுவதற்காக மிரருக்கு அருகில் பூச்சில்லாத ஒரு பகுதியை விட்டிருப்பார்கள். காரின் கையேட்டில் இடம் குறித்திருக்கும். டிடெக்டரும் அந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். டேஷ்கேம் இருந்தால் ஒரு சாண் தள்ளி வையுங்கள். சில கேமராக்களின் மின் இரைச்சல் ஜிபிஎஸ்ஸைத் தடுமாற வைக்கும், பொய் அலாரமும் எழுப்பும்.

சக்‌ஷன் கப் கழன்று விழுவதற்குப் பெரும்பாலும் கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் படலம்தான் காரணம். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். வளைந்துபோன கப்பைச் சில நிமிடம் சுடுநீரில் போட்டால் பழைய வடிவம் வந்துவிடும். பயணிப் பக்க ஏர்பேக் மேல்நோக்கி விரியும் வழியில் எதுவும் இருக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் அங்கேதான் பலர் ஒட்டுகிறார்கள்.

வயரிங்கில் அவசரம்

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி ஓட்டுவதில் தவறொன்றும் இல்லை. தொங்கும் வயர் பிடிக்காதவர்கள்தான் நிரந்தர இணைப்புக்குப் போகிறார்கள். சேதம் நடப்பதும் அங்கேதான்.

முதல் தவறு, எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸில் இணைப்பது. கருவி 0.3 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி போகிறது. 45 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாள் நிறுத்தி வைத்தால் ஸ்டார்ட் செய்யத் திணறும். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸைத் தேட வேண்டும். மல்டிமீட்டரில் சாவி ஆனில் 12 வோல்ட், ஆஃபில் பூஜ்யம் வர வேண்டும். இன்றைய கார்களில் சில சுற்றுகள் சாவியை எடுத்த பிறகும் பல நிமிடம் விழித்திருக்கும். காரைப் பூட்டி அரை மணி கழித்து இன்னொரு முறை அளந்து பாருங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கம்ப்யூட்டர் ஆகியவற்றின் ஃபியூஸ்களைத் தொடவே கூடாது. ரேடியோ, பின் வைப்பர், சாக்கெட் இவற்றின் ஃபியூஸ் போதும்.

வயரை உரித்து ஃபியூஸின் காலில் சுற்றிச் செருகுவது தீவிபத்துக்கு அழைப்பு. அதற்கென்றே ஃபியூஸ் டேப் கிடைக்கிறது: ஃபியூஸ் இருந்த இடத்தில் செருகும் இணைப்பி, பழைய ஃபியூஸுக்கும் டிடெக்டரின் ஃபியூஸுக்கும் அதில் தனித்தனி இடம் இருக்கும். ஸ்டாண்டர்ட், மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ 2, மைக்ரோ 3 என்று பல அளவுகள் இருப்பதால் கழற்றிய ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். டேப்போடு வரும் 10 ஆம்பியர் ஃபியூஸை அப்படியே விட்டுவிடுவதும் தவறு. டிடெக்டரின் மெல்லிய வயருக்கு 2 அல்லது 3 ஆம்பியர் போட்டால்தான், ஷார்ட் ஆகும்போது வயர் உருகுவதற்கு முன் ஃபியூஸ் போகும்.

டேப்பைத் திருப்பிச் செருகினாலும் கருவி வேலை செய்யும், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. ஃபியூஸை எடுத்துவிட்டு, சாவி ஆனில் இரண்டு துளைகளையும் அளந்தால் ஒன்றில் மட்டும் 12 வோல்ட் வரும். டேப்பில் ஃபியூஸ் எதுவும் இல்லாதபோது இரண்டு ஃபியூஸ் இடங்களோடும் இணைப்புக் காட்டும் கால் ஒன்று உண்டு. அந்தக் கால் இந்த 12 வோல்ட் துளையில் போக வேண்டும். மாற்றிப் போட்டால் டிடெக்டரின் சுமையும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடும்.

எர்த் வயரைப் பெயிண்ட் மேல் வைத்து முறுக்கினால் கருவி விட்டுவிட்டு அணையும். காரின் உலோக உடலோடு நேரடியாகப் பதியும் போல்ட்டில், வளைய லக் வைத்து, அடியில் உள்ள பெயிண்டைச் சுரண்டி இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டும் ஏர்பேக் பிராக்கெட்டும் இதற்கு இடமல்ல.

ரியர்வியூ மிரருக்கு வரும் வயரில் இணைப்பது சுருக்கமான வழி, வயர் ஒரு சாண்கூட ஓடாது. ஆனால் நிறத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள். அந்தக் கொத்தில் தகவல் செல்லும் வயர்களும் இருக்கும்; அவற்றில் சுமையை ஏற்றினால் காரின் எலெக்ட்ரானிக்ஸ் பழுதாகும். அளக்காமல் எதையும் தொட வேண்டாம். லைட்டர் பிளக்கை வெட்டிவிட்டு வயரை நேராக இணைப்பதும் ஆபத்து: சில பிளக்குகளுக்குள் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் சுற்று இருக்கிறது. டெலிபோன் வயர் போன்ற ஆர்ஜே11 முனை எல்லா நிறுவனத்திலும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே இருக்கும் உலோக முனைகளின் வரிசை மாறலாம். ஒரு நிறுவனத்தின் வயரை இன்னொன்றின் கருவியில் செருகாதீர்கள்.

வயரைக் கூரைத் துணியின் விளிம்பில் செருகி ஏ பில்லர் (முன்கண்ணாடியின் ஓரத் தூண்) வழியாக இறக்கும்போது, அங்கே பக்கவாட்டில் திரைபோல விரியும் கர்ட்டன் ஏர்பேக் இருப்பதை மறக்கிறார்கள். வயர் ஏர்பேக்குக்கு முன்னால் குறுக்கே போனால், அது விரியும்போது பில்லர் கவரையும் வயரையும் முகத்தை நோக்கி எறியும். பில்லரைக் கழற்றினால் பேட்டரி நெகட்டிவைப் பிரித்து, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, ஏர்பேக்குக்குப் பின்பக்கமாக வயரைக் கொண்டுபோய் ஜிப் டையில் கட்டுங்கள். கழற்றத் துணிவில்லையா? கதவு பீடிங்கை (கதவு விளிம்பின் ரப்பர் பட்டை) லேசாக விலக்கி அதற்குள் வயரை அழுத்திக்கொண்டே ஃபியூஸ் பாக்ஸ் வரை வந்துவிடலாம். பார்க்கவும் நன்றாக இருக்கும்.

பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓட்டுவது

புதுக் கருவி முதல் சில நாள் அதிகம் கத்தும். ஜிபிஎஸ் ஒதுக்கல் உள்ள மாடல் ஒரே கதவை, ஒரே அலைவெண்ணில், பல முறை கடந்த பிறகுதான் அதைப் பொய் என்று முடிவு செய்யும். இதற்குள் பொறுமையிழந்து கே பேண்டையே அணைத்துவிடுகிறார்கள். அது கூடாது, உலகின் பல இடங்களில் நிஜ ரேடார் அங்கேதான் இருக்கிறது. எக்ஸ் பேண்ட் உங்கள் பகுதியில் புழக்கத்தில் இல்லையென்று உறுதியானால் அதை அணைக்கலாம். குறைந்த வேகத்தில் தானாக மௌனமாகும் வசதி இருந்தால், நகருக்குள் ஓட்டும் வேகத்தை அதில் அமைத்துக்கொள்ளுங்கள். சிட்டி மோடிலேயே நெடுஞ்சாலைக்குப் போனால் உணர்திறன் குறைந்து, எச்சரிக்கை வரும்போது தூரம் மிச்சமிருக்காது.

மாட்டியது சரியா என்று பார்க்க, ஓட்டுநருக்கு அவர் வேகத்தை ஒளிரும் எண்ணில் காட்டும் பலகை ஒன்று போதும். பெரும்பாலும் அது கே பேண்ட் ரேடார்தான். நேரான சாலையில் பலகை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எச்சரிக்கை வந்து, நெருங்க நெருங்கச் சத்தம் ஏற வேண்டும். பலகைக்கு அருகில் போன பிறகுதான் கத்துகிறது என்றால் மட்டத்தையும் கண்ணாடிப் பூச்சையும் மறுபடி பாருங்கள்.

பீப் கேட்டதும் பிரேக்கை மிதிக்க வேண்டாம். பின்னால் வருகிறவருக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை.