நெடுந்தூர லாரி ஓட்டுபவர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி: கிளம்பும் முன்பே முடிக்க வேண்டிய வேலை

லைசென்ஸுக்கான மருத்துவச் சோதனைக்குப் போன அன்று என் ரத்த அழுத்தம் 168/104 இருந்தது. பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி எடுத்தார்கள். பெரிதாக இறங்கவில்லை. 140/90-ஐத் தொட்டாலே அதிகம் என்பது கணக்கு. டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போடவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அந்த மூன்று மாதமும் நான் வண்டி எடுக்கவில்லை. அப்போது எனக்கு வயது 44, எடை 98 கிலோ, நெடுந்தூர லாரியில் 19 வருட அனுபவம்.

வீட்டில் இருந்த அந்த நாட்களில்தான் ஒன்று புரிந்தது. எனக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில், நாள் முழுக்க ஓட்டிவிட்டு இரவு பத்து மணிக்கு வண்டியை ஓரம் கட்டும்போது யாராலும் யோசித்துச் சாப்பிட முடியாது. பசி, அலுப்பு, தூக்கம் மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும். எந்தக் கடை திறந்திருக்கிறதோ, எது சூடாக இருக்கிறதோ, அதுதான் வயிற்றுக்குள் போகும். ஆகவே முடிவை அந்த நேரத்துக்கு விட்டுவைக்கக் கூடாது. சாவியைப் போடும் முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். அதற்கு அப்புறம் ஒன்றரை வருடத்தில் 14 கிலோ குறைத்தேன். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேபினில் ஏற்ற வேண்டியவை

முதல் செலவு, வண்டியின் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஃபிரிட்ஜ். வாங்கும்போது, பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தானாக அணைந்துவிடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தவிக்க நேரும். உள்ளே ஒரு சின்ன வெப்பமானி போட்டு வையுங்கள், 5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சமைத்த சாப்பாட்டை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெளியே வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். கண்ணாடி ஏற்றி நிறுத்திய கேபின் வெளியைவிட வேகமாகச் சூடாகும் என்பதை மறக்க வேண்டாம்.

ஃபிரிட்ஜ் வாங்க முடியாத காலத்தில் நான் ஐஸ் பெட்டி வைத்திருந்தேன். தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து உள்ளே அடுக்கினால் ஒரு நாள் தாங்கும், உருகியதும் குடிக்கவும் ஆகும். அப்போது சாப்பிடும் வரிசைதான் முக்கியம். கெட்டுப்போகக்கூடிய முட்டை, தயிர், வேகவைத்த காய் எல்லாம் முதல் நாளே தீர வேண்டும். பழம், கேரட், வறுத்த கடலை, டப்பாவில் அடைத்த மீன், டப்பாவில் அடைத்த பயறு ஆகியவை பிந்தைய நாட்களுக்கு. டப்பாப் பயறைத் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டால் உப்பு கணிசமாகக் குறையும்.

ஐந்து நாள் ட்ரிப்புக்கு நான் ஏற்றுவது இவ்வளவுதான்: ஓட்டோடு வேகவைத்த பத்து முட்டை, மூன்று டப்பா வேகவைத்த கொண்டைக்கடலை, சர்க்கரை சேர்க்காத தயிர், வெள்ளரிக்காய், கேரட், தக்காளி, பத்து பழம், முழுத் தானிய ரொட்டி, அப்புறம் கொட்டை வகைகள். கொண்டைக்கடலையில் நான்காம் நாளுக்கான டப்பாவை உறையவைத்து எடுத்துப் போவேன். கொட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 100 கிராம் நிலக்கடலையில் ஏறக்குறைய 570 கலோரி இருக்கிறது. பெரிய பையாகப் பிரித்து பக்கத்து சீட்டில் வைத்தால், கண் ரோட்டில் இருக்க, கை தானாகப் பைக்குள் போய்க்கொண்டே இருக்கும். நூறு கிலோமீட்டரில் பை காலியாகிவிடும். அதனால் வீட்டிலேயே 30 கிராம் பொட்டலங்களாகக் கட்டிவிடுகிறேன், ஒரு நாளைக்கு ஒன்று. ஓடும்போது சாப்பிடுவதையே நிறுத்திவிட்டேன். வண்டி நின்றால்தான் வாய் திறக்கும்.

கேபினுக்குள் கேஸ் அடுப்பு மட்டும் வேண்டாம். தீப்பிடிக்கும் என்பது ஒரு பக்கம். மூடிய இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார்.

கடையில் சாப்பிட வேண்டி வந்தால்

எல்லா வேளையும் கட்டுச் சாப்பாடு நடக்காது. எனக்கும் நடப்பதில்லை. கடையில் உட்கார்ந்தால் தட்டை மனதுக்குள் பிரித்துக்கொள்கிறேன்: பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், கறி போன்ற புரதம், மீதிக் கால் பங்குதான் மாவுச்சத்து. காய் கிடைக்காத கடை என்றால் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு வெள்ளரிக்காயும் தக்காளியும் எடுத்துப் போய் முதலில் அதைத் தின்றுவிடுவேன். குழம்பை ஊற்றிப் பிசையாமல் தொட்டுச் சாப்பிட்டாலே உப்பும் எண்ணெயும் குறையும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. கடைச் சாப்பாட்டில் ஒரு வேளையிலேயே அதை எட்டிவிடலாம்.

நாளின் பெரிய சாப்பாட்டை வயிறு முட்டத் தின்றுவிட்டு உடனே ஸ்டியரிங் பிடிக்காதீர்கள். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை உடம்பே மந்தப்படும் நேரம். அதோடு பெரிய சாப்பாடும் சேர்ந்தால் கண் சொருகும். இரவு வெகுநேரம் கழித்துச் சாப்பிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வந்து தூக்கம் கெடும்.

நான் விட்டதில் பெரியது குளிர்பானம். 330 மில்லி டப்பா ஒன்றில் 35 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். முடிந்தால் நாள் முழுக்கச் சேர்த்து 25 கிராமுக்குள் நிறுத்துங்கள் என்கிறது அதே நிறுவனம். நான் தினம் மூன்று டப்பா குடித்தேன். 105 கிராம் சர்க்கரை, 420 கலோரி, வயிறும் நிறையாது. இதை ஒன்றை நிறுத்தியதில்தான் முதல் ஐந்து கிலோ இறங்கியது என்று நம்புகிறேன்.

தண்ணீர்

இதைப் பற்றி நம் ஆட்கள் வெளியே பேசுவதில்லை. கழிப்பறை கிடைக்காது, வண்டியை நிறுத்த இடம் இருக்காது என்ற பயத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறோம். பெண் ஓட்டுநர்களுக்கு இந்தச் சிரமம் இன்னும் அதிகம். விளைவு தலைவலி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல். கல் வலியோடு பாரம் ஏற்றிய வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு நான் மடங்கிக் கிடந்திருக்கிறேன். எதிரிக்கும் வேண்டாம்.

குறைத்துக் குடிப்பதற்குப் பதில் நேரம் பார்த்துக் குடியுங்கள். எழுந்ததும் இரண்டு டம்ளர். ஓட்டும்போது சின்னச் சின்ன மடக்கு. அடுத்து நிற்கப்போகும் இடத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது ஒரு டம்ளர். நிறுத்தம் வந்ததும் மறுபடி ஒன்று. சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதுமான தண்ணீர் போகிறது என்று அர்த்தம், அடர் மஞ்சளானால் போதவில்லை. பாட்டிலை அதற்கான இடத்தில் சொருகி வையுங்கள். காலடியில் உருண்டு பிரேக் மிதிக்குக் கீழே போன பாட்டில் உயிரை எடுத்துவிடும்.

வண்டியைச் சுற்றி நடப்பது

லண்டனில் ஜெரி மோரிஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். மாடி பஸ்களில் வேலை பார்த்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே வேலை நேரம், ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பங்கள். ஆனால் உட்கார்ந்தே இருந்த டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம். தினமும் ஐந்நூறு படிகளுக்கு மேல் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்குக் குறைவு. டிரைவர்களின் சீருடை இடுப்பளவும் பெரிது என்று மூன்று வருடம் கழித்து எழுதினார். அந்த டிரைவர்களுக்காவது வேலை முடிந்தால் வீடு இருந்தது, நமக்குப் படுக்கையும் அதே கேபினுக்குள்தான். அந்தக் கண்டக்டர்கள் யாரும் உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் செய்யவில்லை, படி ஏறினார்கள், அவ்வளவுதான். அதனால்தான் உடற்பயிற்சிக் கூடத்தைத் தேடாமல் என் வண்டியையே சுற்ற ஆரம்பித்தேன்.

என் வண்டி பதினாறரை மீட்டர் நீளம். ஒரு சுற்று ஏறக்குறைய 40 மீட்டர். 25 சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டர். வேகமாக நடந்தால் 12 நிமிடம். கிளம்பும் முன் ஒருமுறை, மாலை ஒருமுறை என்று வாரம் முழுக்க நடந்தால் 168 நிமிடம் ஆகிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. டயர், விளக்கு, லோடு கட்டிய கயிறு எல்லாம் அப்படியே பார்வையில் படும். வண்டிகள் வந்துபோகும் இடத்தில் பளிச்சென்று தெரியும் மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், காதில் பாட்டு வேண்டாம்.

நடந்து முடித்ததும், கேபின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு 15 முறை உட்கார்ந்து எழுவேன். முன் பம்பரில் கை ஊன்றி 15 தண்டால், சாய்ந்த நிலையில். முழங்கால் வலி இருப்பவர்கள் பாதி வரை உட்கார்ந்தால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு இரண்டாகக் கூட்டுங்கள், அவசரம் வேண்டாம்.

நெடுநேரம் உட்காருவதில் இன்னொரு ஆபத்து, காலில் ரத்தம் உறைவது. கெண்டைக்கால் தசை அசையும்போதுதான் கீழே இருக்கும் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. நெரிசலில் வண்டி முழுதாக நின்று ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அதைத் தேய்த்துவிட்டுத் தூங்காதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள். திடீரென மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் சேர்ந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேபினிலிருந்து குதிக்காதீர்கள். வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கையும் ஒரு காலும் அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பிடிப்பில் இருக்கும்படி இறங்குங்கள். பல மணி நேரம் அதிர்வில் உட்கார்ந்த முதுகை உடனே பாரம் தூக்க விடக் கூடாது. இறங்கி ஐந்து நிமிடமாவது நடந்துவிட்டு அப்புறம் லோடில் கை வையுங்கள்.

தூக்கம் சரியில்லாமல் எதுவும் நிற்காது

ஒருமுறை இரண்டு டிரைவர் ட்ரிப்பில் என்னோடு வந்த தம்பி காலையில் என்னை வித்தியாசமாகப் பார்த்தான். “அண்ணே, ராத்திரி உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. நான் பயந்துட்டேன்,” என்றான். குறட்டை எல்லாருக்கும் வருவதுதானே என்று சொல்லி அவனை அடக்கினேன். டாக்டரிடம் போய்ச் சொன்னபோதுதான், தூக்கத்தில் மூச்சுக்குழாய் அடைபடும் நோய் இருக்கலாம் என்று பரிசோதனைக்கு அனுப்பினார். இருந்தது. ரத்த அழுத்தத்தை ஏற்றுவதிலும் இதற்குப் பங்கு உண்டு. இப்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபேப் கருவியோடு தூங்குகிறேன், வண்டி மின்சாரத்திலேயே ஓடுகிறது. பலத்த குறட்டை, பகலில் அடக்க முடியாத தூக்கம், எழுந்ததும் தலைவலி இருந்தால் நீங்களும் கேளுங்கள். வேலை போய்விடும் என்று மறைக்காதீர்கள். அந்தத் தம்பிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், இனிப்புக்கும் வறுவலுக்கும் நாக்கு அலையும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போலக் குறையும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காபி அதைச் சரிசெய்யாது. குடித்த காஃபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், ஆகவே படுக்கப்போவதற்கு ஆறு மணி நேரம் முன்பே கடைசிக் காபியை முடித்துவிடுங்கள். நடுவில் கண் சொருகினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் தூங்குங்கள். எழும் நேரத்தில் காபியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

அளந்து எழுதி வைப்பது

கையில் கட்டும் ரத்த அழுத்தக் கருவி ஒன்று கேபினில் இருக்கட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, காபியோ சிகரெட்டோ தொட்டு அரை மணி நேரமாவது ஆன பிறகு எடுக்க வேண்டும். ட்ரிப் கணக்கு எழுதும் அதே நோட்டில் எழுதுகிறேன். மாதம் ஒருமுறை இடுப்பையும் அளக்கிறேன், அது உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது. எண்கள் இறங்கிவிட்டன என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்சுலின் போடுபவர்கள் கிளம்பும் முன்னும், ஓட்டும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தியும் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். குளுக்கோஸ் மாத்திரை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பின்னால் படுக்கைக்கு அடியில் இருந்து பயனில்லை.

ட்ரிப் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்வது டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்துவைப்பது. அன்று கழுவாவிட்டால் அடுத்த லோடுக்குப் போன் வரும்போது டப்பா இல்லை என்று கடைச் சாப்பாட்டில்தான் போய் நிற்கும். ஃபிரிட்ஜை முந்தின இரவே வீட்டு மின்சாரத்தில் சொருகிக் குளிரவைத்துவிடுங்கள். சூடாகக் கிடந்த பெட்டிக்குள் சாப்பாட்டை வைத்தால் அது குளிர நெடுநேரம் ஆகும், வண்டி பேட்டரியும் வீணாக இறங்கும். முட்டையையும் அன்று இரவே வேகவைத்துவிடலாம்.