தொட்டி கழுவும் தொழிலுக்கு இன்னொரு ஆள் வேண்டுமா?

மாடித் தொட்டி மட்டும் கழுவுகிறீர்கள் என்றால் இது வெறும் பணக் கணக்கு. தரையடி சம்ப்பில் இறங்குகிறீர்கள் என்றால் கணக்கே வேண்டாம், மேலே ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும். மூடிக் கிடந்த சம்ப்பில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். மயக்கம் வந்தால் கத்தக்கூட முடியாது. மேலே நிற்பவர் பதறிப்போய்ப் பின்னாலேயே குதிக்கக் கூடாது, இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பணக் கணக்குக்கு, நேரமில்லாமல் விட்டுப்போன வேலைகளை ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். கூலி 700 ரூபாய், டீ, சாப்பாடு, கையுறை, பெட்ரோலுக்கு 150 என்று வையுங்கள், நாளுக்கு 850. தொட்டிக்குச் செலவு போக 400 நிற்கிறது என்றால், அவர் வந்ததால் தினம் மூன்று தொட்டி கூட வேண்டும். இரண்டுதான் என்றால் 50 ரூபாய் கைக்காசு போகும். நெருக்கடி சனி, ஞாயிறு மட்டும் என்றால் மாதச் சம்பளம் பேசாதீர்கள், நாள்கூலி போதும்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அதைச் சொல்லித்தராமல் புது ஆளைத் தனியாக அனுப்பவே அனுப்பாதீர்கள். செப்டிக் டேங்க் வேலை வந்தால் மறுத்துவிட்டு உறிஞ்சு லாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள். பாதுகாப்புக் கருவியில்லாமல் அதில் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.